ஒரு பொய், ஒரு நாய், ஒரு மாப்பிள்ளை: ஜார்ஜெட் ஹேயரின் ‘அரபெல்லா’

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயரின் ‘அரபெல்லா’ நாவலில் வரும் பெண் சொல்வது ஒரே ஒரு பொய். அதையும் அவள் கல்யாணத்துக்காகச் சொல்லவில்லை, தன்மானத்தில் அடிபட்ட கோபத்தில் வாயில் வந்துவிட்டது. அந்த ஒரு பொய்யால், எப்போதோ நடந்திருக்க வேண்டிய கல்யாணம் கடைசி அத்தியாயம் வரை இழுத்துக்கொண்டே போகிறது. இந்தப் புத்தகத்தின் சிரிப்பெல்லாம் அந்த இழுபறியில்தான் இருக்கிறது.

நூலகத்தில் 21 நாள் தவணையில் எடுத்தேன். எனக்காக எடுத்ததுதான், ஆனால் படித்து முடித்தது அம்மாவோடு. கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த அம்மா, வெளிச்சம் கூசுகிறது என்று டிவி பக்கமே போகாமல் உட்கார்ந்திருந்தார். சரி, அன்றன்றைக்குப் படித்ததை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழில் சொல்லலாமே என்று ஆரம்பித்தேன். நான் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படிப்பேன், எட்டரை மணிக்குக் கதை. அம்மா மன்னார்குடிப் பக்கத்துப் பெண். 1974-இல் மாப்பிள்ளையின் புகைப்படத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழுத்தை நீட்டிச் சிங்கப்பூர் வந்தவர். பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது என்று வந்துவிட்டால் அவரைவிட நுணுக்கமாக யோசிப்பவர் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது.

கதை இப்படிப் போகிறது. சுமார் 200 வருடத்துக்கு முந்தைய காலம். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷரில் ஒரு கிராமத்துப் பாதிரியார், டாலன்ட் என்று பெயர். நல்ல மனிதர், படித்தவர், வருமானம் கொஞ்சம், பிள்ளைகள் எட்டுப் பேர். (பாதிரியாருக்கு எட்டுப் பிள்ளையா என்று அம்மா கேட்டார். அங்கே அந்தத் திருச்சபையில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடிந்தது.) மூத்தவள் அரபெல்லா, அழகி. லண்டனில் வசதியாக இருக்கும் அவளுடைய ஞானத்தாய் பிரிட்லிங்டன் சீமாட்டி, பெண்ணை என்னிடம் அனுப்பு, ஒரு பருவம் முழுக்க விருந்துகளுக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதுகிறார். குடும்பத்துக்கு இதன் பொருள் தெரியும். மூத்தவளுக்கு நல்ல இடமாக அமைந்தால் அவளுக்குப் பின்னால் நிற்கும் தங்கைகளுக்கும் வழி பிறக்கும், தம்பிகளுக்கும் யாராவது கைகொடுப்பார்கள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அவளுக்கே தெரியும்.

இந்த முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களை நான் மிகவும் ரசித்தேன். அரபெல்லாவின் அம்மாவுடைய பழைய பெட்டியைத் திறந்து, எந்தப் பட்டை எதற்கு வைத்துத் தைக்கலாம், எந்தச் சரிகையைப் பிரித்து எதில் ஒட்டலாம் என்று அந்தப் பெண்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போடுகிற இடம். இதைச் சொன்னபோது அம்மா எழுந்து போய்த் தன் அலமாரியில் இருந்து சித்தி கல்யாணத்துக்குக் கிழித்துத் தைத்த பாவாடையின் மிச்சத் துணியை எடுத்துவந்து காட்டினார். ஐம்பது வருடமாக அதை வைத்திருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். துணைக்கு வரும் ஓர் ஆசிரியையோடு அரபெல்லா லண்டனுக்குப் புறப்படுகிறாள். நடுவழியில், மழையும் இருட்டுமாக இருக்கும் நேரத்தில் வண்டி உடைந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு வீடு, வேட்டைக் காலத்தில் மட்டும் பணக்காரர்கள் வந்து தங்கும் வீடு. அங்கே இருப்பவன் ராபர்ட் போமரிஸ். லண்டனிலேயே பெரிய பணக்காரர்களில் ஒருவன், உடையிலும் குதிரை ஓட்டுவதிலும் அவனுக்கு நிகரில்லை என்று ஊரே பார்த்துச் செய்கிற ஆள். அவன் தன் நண்பன் ஃபிளீட்வுட் பிரபுவிடம், இதெல்லாம் என்னைப் பிடிக்கப் போடுகிற நாடகம், எத்தனை பெண்களுக்கு என் வாசலில் வண்டி உடைந்திருக்கிறது தெரியுமா என்கிற மாதிரி பேசுகிறான். அது அவள் காதில் விழுந்துவிடுகிறது. அப்போது வருகிறது அந்தப் பொய். தான் பெரும் சொத்துக்கு ஒரே வாரிசு என்றும், பணத்துக்காகப் பின்னால் வருகிறவர்கள் தொல்லையில் இருந்து தப்பிக்கத்தான் பேரைச் சொல்லாமல் பயணம் போவதாகவும் அவள் அடித்துவிடுகிறாள்.

அதோடு போய்விடும் என்றுதான் அவள் நினைக்கிறாள். ஃபிளீட்வுட் சும்மா இருப்பானா? லண்டனுக்குப் போய் நாலு பேரிடம் சொல்கிறான், நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்கிறார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி என்பதே தப்பு, ‘ஆயிரம் பேருக்குப் போய்ச் சொல்லி’ என்பதுதான் அப்படித் திரிந்துவிட்டது என்று சிலர் விளக்கம் கொடுப்பார்கள். எது சரியான பாடம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, ஆனால் இந்த நாவலுக்கு இரண்டுமே பொருந்துகிறது. பொய்யை அவள் சொன்னாள், ஆயிரம் பேருக்குப் போய்ச் சொன்னது ஊர். அவள் லண்டனில் காலடி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கடனில் மூழ்கிய வாலிபர்கள் எல்லாம் பூங்கொத்தோடு வாசலில் நிற்கிறார்கள். நல்லவன் ஒருவன் வந்து கேட்டாலும் அவளால் சரி என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சரி என்று சொன்ன அன்றைக்கே சொத்து எங்கே என்ற கேள்வி வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவள் களைத்துப் போவதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார் ஹேயர், ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பத்தொன்பது இருபது வயதுகூட ஆகாத பெண்ணின் பயம் இருந்துகொண்டே இருக்கிறது.

ஏன் எல்லா ஆண்களும் சொத்துள்ள பெண்ணைத் தேடி இப்படி அலைகிறார்கள் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, நாவல் இதை விளக்காது, ஏனென்றால் அந்தக் காலத்து ஆட்களுக்கு அது தெரிந்த விஷயம். அன்றைக்கு இங்கிலாந்துச் சட்டப்படி, தனியாகப் பத்திரம் எழுதிப் பாதுகாத்து வைத்தால் ஒழிய, தாலி ஏறிய மறுநிமிடமே மனைவியின் பணம் நகை எல்லாம் கணவனுடையது. மனைவி தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளலாம் என்று முழுமையாகச் சட்டம் வந்தது 1882-இல்தான். அதனால் பணக்காரப் பெண்ணைக் கட்டுவது ஒருவனுக்குக் கடனை அடைக்கும் நேர்வழி. நமக்கு இங்கே சிங்கப்பூரில் 1961-இல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பதையும், கல்யாணம் ஆன பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்வதையும் அது சட்டமாக்கியது. அம்மா 1974-இல் வந்து இறங்கியபோது அதற்குப் பதின்மூன்று வயது. அவர் தன் சம்பளத்தில் ஒரு சங்கிலி வாங்கித் தன் பெயரிலேயே ரசீது போட்ட கதையை அன்றைக்குச் சொன்னார். நாவல் அன்று அரைப் பக்கம்தான் நகர்ந்தது.

அப்புறம் ஆல்மாக்ஸ். இதைத் தெரிந்துகொண்டால் புத்தகம் இன்னும் ருசிக்கும். லண்டனில் கிங் தெருவில் இருந்த நடன மண்டபம் அது, பருவத்தில் புதன்கிழமைதோறும் கூட்டம் கூடும். காசு இருந்தால் மட்டும் உள்ளே போக முடியாது. ஜெர்சி சீமாட்டி மாதிரி ஏழெட்டுப் பெரிய வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து, இன்னாரை விடலாம், இன்னாரை விடக்கூடாது என்று முடிவு செய்து சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டு கிடைக்காத பெண்ணுக்கு நல்ல சம்பந்தம் கிடைப்பது கஷ்டம் என்று நினைத்த காலம். இவ்வளவு கெடுபிடி செய்து உள்ளே போனால் சாப்பிடக் கிடைப்பது மெல்லிசாக வெட்டிய ரொட்டியும் வெண்ணெயும், தேநீரும் எலுமிச்சைச் சாறும். கூப்பிட்டு வைத்துக்கொண்டு வெறும் ரொட்டியா என்று அம்மாவுக்கு ஆறவே இல்லை. அந்த ஏழெட்டுப் பெண்களை மட்டும் அவர் உடனே புரிந்துகொண்டார். நம் சமூகத்திலும் கோயில் விசேஷத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, யார் வீட்டுப் பெண்ணுக்கு என்ன வயது, யார் வீட்டுப் பையன் இன்னும் வீடு வாங்கவில்லை என்று கணக்கு வைத்திருக்கும் அத்தைமார்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் ஜாதகம் தானாக நகரும்.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மகளுக்கு இரண்டு வருடமாக மாப்பிள்ளை பார்க்கிறோம். ஒரு திருமணத் தகவல் நிலையம் மூலமாக வந்த இடம், முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டது: சொந்த வீடா, எத்தனை அறை, பெண்ணின் சிபிஎஃப் சேமநிதிக் கணக்கில் எவ்வளவு, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கடைசி வரை கேட்கவே இல்லை. அக்கா அழுதுவிட்டாள். அரபெல்லா கதையைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது, 200 வருடத்துக்கு முந்தைய கதை என்ற எண்ணமே வரவில்லை. பிடிஓ என்கிற புது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா என்று கேட்பதுதான் இங்கே இளைஞர்கள் காதலைச் சொல்லும் முறை என்று சொல்வோம் இல்லையா, அதிலும் கல்யாணமும் சொத்தும் ஒன்றாகத்தான் கட்டிக்கிடக்கின்றன. 1983-இல் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ குவான் யூ, படித்த பெண்கள் கல்யாணம் ஆகாமல் இருக்கிறார்கள் என்று பேசி, அடுத்த வருடமே பட்டதாரிகளைச் சந்திக்க வைக்க எஸ்டியு என்ற அரசாங்க அமைப்பு வந்த ஊர் இது. என் சின்னம்மா ஒருவர் அப்போது பட்டதாரி, அந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை. மாப்பிள்ளை தேடுவது ஊர் விவகாரமாக இருக்கும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு இந்த நாவலைப் படிக்க அடிக்குறிப்பு தேவைப்படாது.

போமரிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. அழகும் பணமும் சலிப்பும் உள்ள ஆள். அவன் சட்டையில் ஒரு காட்டுப் பூவைச் செருகிக்கொண்டு வந்தால், நாலே நாளில் ஊரில் உள்ள வாலிபர்கள் எல்லாம் அதே காட்டுப் பூவைத் தேடி அலைகிறார்கள், அவ்வளவு செல்வாக்கு. அந்தப் பெண் சொன்னது பொய் என்று அவனுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் பொழுது போகட்டும் என்று அவளைத் தூக்கிவிட்டு வேடிக்கை பார்க்கிறான். பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று அம்மா கேட்டார். வேலையே இல்லைம்மா, நிலம், வாடகை, வட்டி என்றேன். அப்போ வேண்டாம் என்றார் அம்மா.

அவர் மனதை மாற்றியது ஒரு புகைபோக்கிச் சிறுவன். அந்தக் காலத்தில் வீட்டுப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்யச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றிவிடுவார்கள், குழாய் குறுகல், பெரியவர்கள் நுழைய முடியாது. எட்டு வயதுக்குக் கீழே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1788-லேயே சட்டம் போட்டும் யாரும் மதிக்கவில்லை, அந்தக் கொடுமை உண்மையில் ஒழிய 1875 வரை ஆனது. நாவலில் ஜெம்மி என்ற பையன் வழி தவறி அரபெல்லாவின் அறைக்குள் கரிப்புகையோடு வந்து விழுகிறான். உடம்பெல்லாம் தீக்காயம். அவ்வளவு நேரம் பொய்யும் புடவையுமாகப் பயந்துகொண்டிருந்த பெண், அந்த நிமிடம் பாதிரியார் மகளாகிவிடுகிறாள். பையனைக் கொடுக்க முடியாது என்று அவனுடைய முதலாளியை எதிர்த்து நிற்கிறாள், ஞானத்தாயின் மகனை எதிர்த்து நிற்கிறாள், அப்புறம் அந்த நேரத்துக்கு அங்கே வந்த போமரிஸிடம், இவனை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். லண்டனே பார்த்து நடுங்கும் அந்த மனிதன், கரி படிந்த குழந்தையைப் பார்க்கிறான், அவள் முகத்தைப் பார்க்கிறான், சரி என்கிறான்.

அந்த ‘சரி’யில்தான் அவன் விழுகிறான். விருந்து, நடனம், அழகு எதிலும் அல்ல.

அப்புறம் அந்த நாய். தெருவில் பையன்கள் ஒரு நாயைக் கொடுமைப்படுத்துவதைப் பார்த்ததும், ஓடிக்கொண்டிருக்கும் குதிரை வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் மீட்டு, அதையும் அவன் மடியிலேயே கொண்டுவந்து போடுகிறாள். எந்த ஜாதி என்று சொல்ல முடியாத, அழகே இல்லாத தெருநாய். யூலிஸிஸ் என்று பெயர். அது போமரிஸை விட்டு நகர மறுக்கிறது. அவனும் கொஞ்சம் கொஞ்சமாக மனதில் உள்ளதையெல்லாம் அந்த நாயிடம் பேச ஆரம்பிக்கிறான். வேறு யாரிடமும் மனம் திறக்காத மனிதன், ராத்திரியில் ஒரு தெருநாயிடம் அவளைப் பற்றி யோசனை கேட்கும் இடங்கள் இருக்கின்றனவே, அவற்றைத் தமிழில் சொல்லும்போது நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கதவைத் திறந்து என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்.

ஹேயரிடம் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். மாப்பிள்ளை நல்லவனா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு சோதனை வைக்கிறார். பெண்ணிடம் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது அந்தச் சோதனை இல்லை, காதலிக்கிறவன் பெண்ணிடம் இனிமையாகத்தான் இருப்பான். தனக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு குழந்தையிடமும் ஒரு நாயிடமும் எப்படி இருக்கிறான் என்று பார்க்கிறார். அவளுக்கும் அதே சோதனை வருகிறது. அவளுடைய தம்பி பெர்ட்ரம் என்று ஒருவன், லாட்டரியில் விழுந்த பணத்தோடு வீட்டுக்குத் தெரியாமல் லண்டனுக்கு வந்து, சூதாட்ட விடுதியில் எல்லாவற்றையும் தொலைத்து, கடனாளியாகி, ஒரு சேரியில் ஒளிந்துகொள்கிறான். அங்கே அவனைப் பார்த்துக்கொள்பவள் ஒரு விலைமகள், லீக்கி பெக் என்று அவளுக்குப் பெயர். அரபெல்லா அவளிடம் முகம் சுளிக்காமல், என் தம்பியைப் பார்த்துக்கொண்டாயே என்று நன்றியோடு பேசுகிற இடம் சின்ன இடம்தான், ஆனால் இந்தக் கதையை வெறும் நடனமும் உடையும் உள்ள கதையாக ஆகவிடாமல் காப்பாற்றுவது அந்த மாதிரி இடங்கள்.

குறை சொல்லாமல் விட முடியாது. கடைசிப் பகுதியில் தம்பியின் கடனை அடைக்க வழி தெரியாமல் அந்தப் பெண் ஒரு பெரிய முடிவு எடுக்கிறாள். (என்ன என்று சொல்ல மாட்டேன்.) போமரிஸுக்கு எல்லாம் தெரியும். பொய் தெரியும், தம்பி யார் என்று தெரியும், கடன் எவ்வளவு என்றுகூடத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவள் நெஞ்சில் உள்ள பாரம் இறங்கிவிடும். அவள் தானாகவே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறானாம். முதலில் வாசிக்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அவள் ஒரு ராத்திரி முழுக்கத் துடிக்கிறாளே. தெரிஞ்சுக்கிட்டே அந்தப் புள்ளையை அழவிட்டானே என்று அம்மா கோபத்தில் எழுந்து போய்விட்டார். எனக்கும் அதே கோபம். அவளுக்கு அனுபவம் இல்லை, வயது மிகக் குறைவு, அவன் முப்பதைத் தொட்ட ஆள். விளையாட்டை முடித்துவைக்கும் பொறுப்பு பெரியவனுடையது. ஹேயர் இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார், எனக்கு அங்கே உறுத்துகிறது. கடைசியில் வரும் பாட்டி, போமரிஸின் பாட்டி, வாய்த்துடுக்கான கிழவி, அவள் வந்து கொஞ்சம் சமன் செய்கிறாள். புத்தகத்திலேயே அம்மாவுக்கு மிகவும் பிடித்த ஆள் அவள்தான்.

ஜெம்மியும் பின்பாதியில் காணாமல் போகிறான். நல்ல இடத்தில் இருக்கிறான் என்று ஒரு வரியில் தெரிந்துகொள்கிறோம், அது எனக்குப் போதவில்லை.

பணம் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வியும் எனக்கு விடவில்லை. ரீஜென்சி என்பது மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கியதால் அவர் மகன் பதிலாளாக ஆண்ட காலம், 1811 முதல் 1820 வரை. அந்த ஒன்பது வருடத்தில் லண்டனில் பெண்கள் உடுத்திய மஸ்லினுக்கும் காஷ்மீரச் சால்வைக்கும் பின்னால் நம் பக்கம் இருக்கிறது. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் சரஸ்வதி மகாலுக்குச் சுவடிகளும் புத்தகங்களும் சேர்த்துக்கொண்டிருந்தார், ஆட்சி அதிகாரம் கிழக்கிந்தியக் கும்பெனி கையில். நம் சிங்கப்பூரும் ரீஜென்சியில் பிறந்ததுதான். இங்கே கும்பெனியின் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸுக்கு 1817-இல் சர் பட்டம் கொடுத்தவர் இதே பதிலாள் இளவரசர். 1819 ஜனவரியில் ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்கினார், அதே வருடம் மே மாதம் அவர் மறுபடி வந்த கப்பலில் பினாங்கில் இருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை போட்டார், பின்னால் 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலைத் தொடங்கினார். ஆல்மாக்ஸில் சீட்டு வாங்க நின்ற பெண்களும் இங்கே செங்கல் சுட்ட நம் ஆட்களும் ஒரே காலத்து மனிதர்கள் என்று யோசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. நகைச்சுவைக் காதல் கதையில் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் புகைபோக்கிச் சிறுவனைப் பார்த்த எழுத்தாளருக்கு இதையும் பார்த்திருக்க முடியும் என்பதுதான் என் ஆதங்கம்.

மொழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் முதல் ஐம்பது பக்கம் முள்பாதை மாதிரிதான் இருக்கும். குதிரை வண்டிக்கு மட்டும் அத்தனை பெயர்கள், குடித்தவனுக்கு ஒரு கொச்சை, கடனாளிக்கு ஒரு கொச்சை என்று அந்தக் காலத்து லண்டன் பேச்சு வழக்கை ஹேயர் அள்ளிக் கொட்டுகிறார். 1902-இல் பிறந்த அவர், தம்பி ஒருவனுக்கு உடம்பு சரியில்லாதபோது சொன்ன கதையில் இருந்துதான் எழுத ஆரம்பித்தார். முதல் ரீஜென்சி நாவல் 1935-இல் வந்தது, நம் தமிழ் முரசு நாளிதழ் தொடங்கிய அதே வருடம். அதற்கப்புறம் 1974-இல் இறக்கும் வரை பெரும்பாலும் அந்தக் காலத்தையே தோண்டித் தோண்டிக் குறிப்பெடுத்து எழுதினார், அதனால் அந்தச் சொற்கள் எதுவும் அலங்காரத்துக்கு வந்தவை கிடையாது. என் யோசனை, அகராதியைத் திறக்காதீர்கள். தெரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள், ஐந்தாவது தடவை வரும்போது தானாகப் புரிந்துவிடும். நான் முதல் நாள் ஒவ்வொரு சொல்லாகத் தேடிக்கொண்டிருந்தேன், பிஷானில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் வருவதற்குள் நாலு பக்கம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் தேடுவதை விட்டதும் கதை ஓட ஆரம்பித்தது.

வாய்விட்டுப் படிக்கிறவர்களுக்கும் யாருக்காவது கதை சொல்கிறவர்களுக்கும் இது அருமையான புத்தகம். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சிக்கலில் முடிகிறது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வைக்கும். முத்தம் ஒன்றிரண்டுக்கு மேல் எதுவும் கிடையாது, பதின்மூன்று வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். இந்தக் காலத்துத் தொடர்களைப் பார்த்துவிட்டு அதே சூட்டை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்து போவீர்கள். இங்கே காதல் முழுக்கப் பேச்சில் நடக்கிறது, அதுவும் ஒருவரை ஒருவர் மடக்கும் பேச்சில்.

என் அக்கா மகளுக்கும் கொடுத்தேன். ஒரே வார இறுதியில் முடித்துவிட்டாள். அடுத்த தடவை யாராவது பெண் பார்க்க வந்தால், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திரியும் பூனைகளுக்கு முதலில் அவரைக் காட்டப் போகிறேன் சித்தி என்றாள். செய் என்றேன். அம்மாவும் செய் என்றார்.

புத்தகத்தைப் போன செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொடுத்தேன். அதே எழுத்தாளரின் இன்னொன்றை முன்பதிவு செய்திருக்கிறேன், வந்ததும் எட்டரை மணிக் கதை மறுபடி தொடங்கும். அதில் நாய் வருமா என்று அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.